நாற்பத்து மூன்றாவது காது

எங்கள் ஊரில் யாரிடமும் தொழில் எப்படிப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒரே பதில்தான் வரும். "ஓடிட்டிருக்குங்க." ஆர்டர் குவிந்து கிடப்பவரும் அதைத்தான் சொல்வார், கண் பட்டுவிடும் என்ற பயத்தில். ஒரு மாதமாக மெஷினுக்குத் துணி போர்த்தி வைத்திருப்பவரும் அதைத்தான் சொல்வார். வேலை இல்லை என்று வெளியே தெரிந்தால் இருக்கிற ஆட்கள் வேறு பட்டறை பார்ப்பார்கள், வரவிருந்த ஆர்டரும் வழியிலேயே திரும்பிவிடும், பொழுது சாய்வதற்குள் சம்பந்தி வீடு வரை செய்தி போய்ச் சேரும். கோயம்புத்தூரில் பிறந்த எவருக்கும் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த ஊரில் தொழில் சந்திப்புகள் நடத்திக் கொடுப்பதை நான் பிழைப்பாக வைத்திருக்கிறேன். என் பெயர் ஜெயகௌரி. நாலு பேரைக் கூப்பிட்டு இட்லி போடுவதற்கு ஒரு கம்பெனியா என்று என் சித்தி இன்றுவரை கேட்கிறார். கேட்டால் கேட்கட்டும். யாரை யார் பக்கத்தில் உட்காரவைப்பது என்பதில்தான் என் வித்தை இருக்கிறது, இட்லியில் இல்லை. அப்போது என் கம்பெனியும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அவிநாசி சாலையில் மெட்ரோ ஓடத் தொடங்கிய வருஷம், சிறுதொழில் மன்றம் ஒன்று தன் வியாழக்கிழமைக் கூட்டத்தை என் கையில் கொடுத்தது. பீளமேட்டில் ஒரு ஓட்டல் அரங்கம், காலை ஏழு மணி, நாற்பத்திரண்டு உறுப்பினர்கள். பம்ப் உதிரிபாகம் கடைபவர், இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி வைத்திருப்பவர், மோட்டாருக்குக் காயில் கட்டுபவர், அட்டைப்பெட்டி செய்பவர், ஆடிட்டர், லாரி புக்கிங் நடத்துபவர் என்று எல்லா வகையும் உண்டு. ஒவ்வொருவரும் எழுந்து ஒரு நிமிடம் தன் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும். பிறகு டிபன். கடைசியில் 'நன்றி நேரம்' என்று ஒன்று. அந்தக் கூட்டத்தில் கிடைத்த அறிமுகத்தால் வேலை வந்திருந்தால் எழுந்து நின்று, அறிமுகம் செய்தவரின் பெயரைச் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். மன்றத்தின் பழைய வழக்கம் அது. நான் பொறுப்புக்கு வந்தபோது நன்றி நேரம் மூன்று நிமிடத்தில் முடிந்துகொண்டிருந்தது. அதிலும் இரண்டு நிமிடம் பொங்கலில் மிளகு சரியாக விழுந்ததற்காகச் சமையல்காரருக்குப் போனது.

எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லா வழியும் பார்த்திருந்தார்கள். குலுக்கல் போட்டு உட்காரவைத்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் மணியடித்து இடம் மாறச் சொன்னார்கள், அதில் நாலைந்து வெள்ளைச் சட்டைகளில் சாம்பார் கொட்டியதுதான் மிச்சம். நான் வந்து நீள மேசைகளை எடுத்துவிட்டு ஆறு பேர் உட்காரும் வட்ட மேசை போட்டேன். காப்பி மேசையை மூலையிலிருந்து நட்ட நடுவுக்குக் கொண்டுவந்தேன், எல்லாரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டாவது போகட்டும் என்று. ஒரு நிமிடப் பேச்சைச் சாப்பாட்டுக்குப் பின்னால் தள்ளினேன், பசியோடு இருப்பவன் காதில் எதுவும் ஏறாது என்பதால். இவ்வளவு செய்தும் நன்றி நேரம் ஐந்து நிமிடத்தைத் தாண்டவில்லை. வேலையைச் செய்து கொடுக்க ஆள் கிடைக்காமல் தவிப்பவரும் வேலையே இல்லாமல் தவிப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஓடிட்டிருக்குங்க, ஓடிட்டிருக்குங்க என்று மாறி மாறிச் சொல்லிவிட்டு, தோசையை முடித்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

கோகுலகிருஷ்ணன் அந்தச் சமயத்தில்தான் வந்தான். சரவணம்பட்டியில் சின்னதாக ஒரு ஆய்வுக்கூடம் வைத்திருந்த பையன், முப்பத்திரண்டு வயது. வலியை வெளியே சொல்லாத நோயாளிகளின் குரலிலிருந்து வலியைக் கண்டுபிடிக்க ஒரு கருவி செய்திருந்தான். ஆஸ்பத்திரிகள் நாளைக்கு வா, நாளைக்கு வா என்று இழுத்தடித்தன. அதனால் எங்கள் கூட்டத்தில் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டான். சட்டைக் காலரில் மாட்டிக்கொள்கிற பொத்தான் அளவுதான் இருந்தது அது.

"இது வார்த்தையைக் கேக்காதுங்க்கா," என்றான். "வார்த்தைக்கும் குரலுக்கும் நடுவுல இருக்கற தூரத்தைத்தான் கேக்கும்."

எனக்குப் புரிகிற மாதிரி சொல்லச் சொன்னேன்.

"நெசமாலுமே தொழில் ஓடறவரு 'ஓடிட்டிருக்குங்க'ன்னு சொல்ல அரை நொடிகூட ஆகாது. ஓடாதவருக்குக் கொஞ்சம் கூட ஆகும். மூச்சு எடுக்கற இடம் மாறும். நம்ம காதுக்கு அது தெரியாது, இதுக்குத் தெரியும். அவரு என்ன தொழிலு, அவருக்கு வேண்டியது யாருகிட்ட இருக்குதுங்கறதையும் மேசைப் பேச்சுல இருந்தே சேத்து வெச்சுக்கும். அடுத்த வாரம் யாரு எந்த மேசைல உக்காரணும்னு மட்டும் வாசல்ல இருக்கற திரையில சொல்லும். யாரு கஷ்டத்துல இருக்காங்கன்னு எங்கிட்டக்கூடச் சொல்லாது."

யாரும் வாய்விட்டுக் கேட்காமலே கிடைத்துவிடும் என்றால் இந்த ஊருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மானமும் போகாது, வேலையும் வரும். எனக்கு அந்த இடத்திலேயே அது பிடித்துப்போய்விட்டது. மன்றத் தலைவரிடம் பேசி ஒரே வாரத்தில் சம்மதம் வாங்கினேன். உறுப்பினர்கள் நாற்பத்திரண்டு பேரும் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பேச்சைக் கேட்டு இருக்கை ஒதுக்கும் கருவி என்று அதில் எழுதியிருந்தது. பேச்சில் எதைக் கேட்கும் என்று எழுதியிருக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சோதனைக்காக நானும் ஒன்றை மாட்டிக்கொண்டேன். மூன்றாம் வாரத்திலேயே அதற்குக் 'காது' என்று பெயர் விழுந்துவிட்டது.

காது வேலை செய்தது. அப்படி வேலை செய்யும் என்று நானே நினைக்கவில்லை. காயில் கட்டும் மகுடேஸ்வரனுக்கு இரண்டு மாதமாகக் கை சும்மா இருந்தது ஒருவருக்கும் தெரியாது. அவரைக் கொண்டுபோய்க் கல்லூரி விடுதிகளுக்குத் தண்ணீர் மோட்டார் பராமரிக்கிறவர் பக்கத்தில் அது உட்காரவைத்தது. அந்த மனிதர் நல்ல காயில்காரர் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார். இருவரும் மெட்ரோ தூண்களால் போக்குவரத்து கெட்டுப்போனதைப் பற்றித்தான் பேச ஆரம்பித்தார்கள். வடை வருவதற்குள் வேலை பேசி முடிந்திருந்தது. அட்டைப்பெட்டிக்காரருக்கு ஒரு பலகாரக் கடை, ஆடிட்டருக்கு ஒரு நூற்பாலை என்று வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனது. நன்றி நேரம் முப்பத்தைந்து நிமிடம் ஆனது. பெரிய மனிதர்கள் எழுந்து நின்று பெயர் சொல்லிக் கைகூப்புவதைப் பார்த்தேன். அவர்களுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும் என்ற பெருமையில் காப்பி மேசை அருகே கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். கரூருக்கும் திருப்பூருக்கும் இந்த முறையைக் கொண்டுபோக ஒரு கையேடு எழுதித் தரும்படி தலைவர் கேட்டார். எழுதவும் ஆரம்பித்தேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். அடுத்தவர் மறைப்பதைக் கண்டுபிடிக்க எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கருவி எதுவும் தேவையில்லை. நாலு வியாழக்கிழமை போதும். தேவை உள்ளவரை ஒரு மேசையில் வைத்து, அவருக்கு உதவக்கூடிய ஐந்து பேரைச் சுற்றிலும் உட்காரவைப்பதுதான் காதின் வழி. வேலை அமையாவிட்டால் அடுத்த வாரம் அவரைச் சுற்றி வேறு ஐந்து பேர் வருவார்கள். ஆக, ஒவ்வொரு மேசையிலும் யார் நிலையாக இருக்கிறார், யார் மாறுகிறார் என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். லாரி புக்கிங் செங்கோட்டுவேலு ஒரு நாள் திரையைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு மூன்றாம் மேசையில் நோயாளி யார் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

மூன்றாம் மேசையில் நிலையாக இருந்தவர் ராசாமணி. கணபதியில் நாலு லேத் வைத்து பம்ப் பாகங்கள் கடைந்து கொடுப்பவர். ஐம்பத்தெட்டு வயது, இருபத்திரண்டு வருஷத் தொழில், ஆறு ஆட்கள். அதிகம் பேசமாட்டார். தன் ஒரு நிமிடத்தில் நாற்பது விநாடியை மிச்சம் வைத்து உட்கார்ந்துவிடுகிற மனிதர். ஒரு பெரிய பம்ப் கம்பெனி அவருக்கு ஒரு வருஷ ஆர்டர் கொடுப்பதாகச் சொல்லி, பட்டறையைப் பார்வையிட ஆள் அனுப்பவிருந்தது. அது வந்தால் அவர் தப்பித்துவிடுவார். அதுவரை வேலை இல்லாத விஷயம் வெளியே கசியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. காதுக்குத் தெரிந்திருந்தது.

அவர் அப்படி மூன்றாம் மேசையில் உட்கார்ந்த ஐந்தாவது வியாழக்கிழமை, கூட்டம் கலைந்த பிறகு, தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் என்னிடம் வந்தார். காலரிலிருந்து காதைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, காப்பி மேசைமேல் வைத்தார்.

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங் அம்மிணி," என்றார். "இது எனக்கு வேண்டாங்க."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே, யாரையும் குறை சொல்லாமல், நடந்ததைச் சொன்னார். அவரிடம் லேத் ஓட்டிய டர்னர்கள் இரண்டு பேர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள், வீட்டுக்குப் பக்கம் என்று காரணம் சொன்னார்கள். ஃபவுண்டரியில் காஸ்டிங் வார்த்துக் கொடுக்கும் விஸ்வநாதன் இவருடைய சரக்கைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார், அச்சு உடைந்துவிட்டது என்று காரணம் சொன்னார். பம்ப் கம்பெனி பார்வையிட வருவதைத் தள்ளிப்போட்டது, அவர்கள் காரணமே சொல்லவில்லை. விஸ்வநாதனும் எங்கள் உறுப்பினர்தான். இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர். ஐப்பசிக்குள் அந்த ஆர்டர் வராவிட்டால் பட்டறையைப் பூட்டுவதுதான் வழி என்று ராசாமணி சொன்னபோது அவர் குரலில் எந்த மாற்றமும் எனக்குத் தெரியவில்லை.

உதவி செய்யத்தான் நினைத்தோம் என்று சொன்னேன். எனக்கே அது அசட்டுத்தனமாக இருந்தது.

"அது தெரியுதுங்க. நல்ல மனசுலதான் பண்ணியிருக்கீங்க. ஆனா எனக்கு வேலை இல்லீன்னு நான் எங்க ஊட்டுல கூட இன்னும் சொல்லலீங்க. எப்பிடிச் சொல்றதுன்னு ஒரு நாளு பாத்துட்டிருந்தேன். சொல்றதுன்னா அதை நான் சொல்லியிருக்கோணும்."

போய்வருகிறேன் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் வைத்துவிட்டுப் போன அந்தப் பொத்தானை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

அன்றே சரவணம்பட்டிக்குப் போனேன். இருக்கைகளைக் கொஞ்சம் கலைத்துவிட முடியுமா, வேண்டுமென்றே சிலரைத் தப்பான மேசையில் போட்டால் யாரும் கண்டுபிடிக்க முடியாதல்லவா என்று கோகுலிடம் கேட்டேன். முடியும் என்றான். ஆனால் பலன் பாதியாகிவிடும், நன்றி நேரம் பழையபடி பத்து நிமிடத்துக்கு இறங்கும், மன்றம் அதை ஒத்துக்கொள்ளுமா என்று திருப்பிக் கேட்டான். ஒத்துக்கொள்ளாது என்று எனக்குத் தெரியும். கையேடு அச்சுக்குப் போகவிருந்தது. பலன் குறைந்தால் என் ஒப்பந்தமும் அதோடு முடியும்.

எத்தனை பேருக்கு இந்த மாதிரி ஆகியிருக்கும் என்று பார்க்கச் சொன்னேன். அவன் அதுவரை பதிவைத் திறந்ததே இல்லை. திறந்தான். பெயர்கள் கிடையாது, எண்கள் மட்டும்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே வாரத்துக்கு ஒரு கட்டம். சொன்னதற்கும் குரலுக்கும் நடுவே தூரம் இருந்தால் கட்டம் சிவப்பாக இருந்தது. நாற்பத்திரண்டில் முப்பத்தொரு வரிசையில் எங்கேயாவது சிவப்பு இருந்தது. ராசாமணி தனி ஆள் இல்லை. அந்த அரங்கத்தில் முக்கால்வாசிப் பேர் ஒரு நேரமாவது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றையும் உள்ளே அழுத்திக்கொண்டு இட்லியைப் பிட்டிருக்கிறார்கள்.

ஒரு வரிசை மட்டும் முதல் வாரத்திலிருந்து கடைசி வாரம் வரை இடைவெளியே இல்லாமல் சிவப்பாக இருந்தது. பத்தொன்பது வாரம்.

"இது யாருங்க்கா?" என்றான் கோகுல். "நாற்பத்து மூணுன்னு இருக்குது. நமக்கு நாற்பத்திரண்டு பேருதானே?"

என் கை தானாகக் காலருக்குப் போனது.

என் கம்பெனி நன்றாகப் போய்க்கொண்டிருந்தது என்று உங்களிடமும் சொன்னேன், இல்லையா? வெட்கமாகத்தான் இருக்கிறது. இரண்டு பெரிய கம்பெனிகளின் வருடாந்தரக் கூட்டங்கள் கைவிட்டுப் போய் எட்டு மாதமாகியிருந்தது. ரேஸ் கோர்ஸ் அலுவலகத்தைக் காலி செய்துவிட்டு வீட்டுப் பக்கத்து அறையில் மேசை போட்டிருந்தேன். கூட வேலை பார்த்த இரண்டு பெண்களையும் அனுப்பியாகிவிட்டது. வியாழக்கிழமைக் கூட்டத்தைத் தவிர எனக்கு வேறு வேலையே கிடையாது. சித்திக்குக்கூடத் தெரியாது.

கோகுல் இன்னும் கொஞ்சம் தோண்டினான். காதுக்கு நானும் ஒரு ஆள்தான், ஆனால் நான் எந்த மேசையிலும் உட்காருவதில்லை. அதனால் எனக்கு உதவக்கூடியவர்களை அது நான் நிற்கும் இடத்துக்கு அனுப்பியிருக்கிறது. ஒவ்வொரு வாரமும் இரண்டு மூன்று பேருக்குத் திரையில் மேசை எண்ணுக்குப் பதிலாகக் 'காப்பி மேசை' என்று வந்திருக்கிறது. எனக்கு நன்றாக நினைவிருந்தது. "காப்பி மேசைன்னு போட்டிருக்குதுங்க" என்று வந்து நிற்பார்கள். அது ஏதோ பிழை என்று நினைத்து, ஆறாம் மேசை காலியாக இருக்கிறது, ஏழாம் மேசை காலியாக இருக்கிறது என்று நானே துரத்திவிடுவேன். சிலர் உடனே போகமாட்டார்கள். எப்படிங்க போகுது என்று கேட்பார்கள். நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். மூன்றாம் மேசையில் ஐந்து வாரம் நிலையாக இருந்த எண், அதாவது ராசாமணியின் எண், அப்படி வந்தவர்களின் பட்டியலிலும் இரண்டு முறை இருந்தது.

கருவி சரியாகத்தான் கேட்டிருக்கிறது. எனக்குக் கை கொடுக்கக்கூடியவர்களைப் பத்தொன்பது வாரம் என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியும் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, ஏனென்றால் நான் வாயைத் திறக்கவில்லை. ராசாமணி விஷயத்தில் அவர் வாயைத் திறப்பதற்குள் நாங்கள் முந்திக்கொண்டோம். இரண்டிலும் ஒரே தப்புத்தான், சொல்ல வேண்டியவர் வாயிலிருந்து அது வரவில்லை. கோகுலிடம் இதைச் சொன்னேன். எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

அடுத்த வியாழக்கிழமைக்கு முந்தின நாள் ராசாமணிக்குப் போன் செய்து, இந்த ஒரு முறை மட்டும் வந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. வந்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வாசலை ஒட்டின மேசையில், சுவர் பக்கம் பார்த்து உட்கார்ந்தார். அவரைச் சுற்றி ஒருவரும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அவருக்குச் சங்கடம் என்று நினைத்தார்களோ, தங்களுக்குச் சங்கடம் என்று நினைத்தார்களோ.

டிபன் முடிந்து ஒரு நிமிடப் பேச்சுக்கு நேரமானது. வழக்கமாக நான் மைக்கை எடுத்து முதல் ஆளை அழைப்பேன். அன்றைக்கு அழைக்கவில்லை.

"எம் பேரு ஜெயகௌரிங்க," என்றேன். இத்தனை நாளாகத் தெரிந்தவர்களிடம் என்னை நானே அறிமுகம் செய்துகொண்டதில் இரண்டு பேர் சிரித்தார்கள். "கூட்டம் நடத்திக் குடுக்கறது என் தொழிலு. எட்டு மாசமா இந்தக் கூட்டத்தைத் தவிர எனக்கு வேற வேலை இல்லீங்க. ஆபீஸைக் காலி பண்ணிட்டேன். இதையும் விட்டுட்டா எனக்கு ஒண்ணுமில்லை. யாருகிட்டயும் இதை நான் சொன்னதில்லீங்க."

பிறகு காது எதைக் கேட்கிறது என்பதையும் சொன்னேன். படிவத்தில் எழுதாமல் விட்டதைச் சொன்னேன். யார் பெயரையும் சொல்லாமல், முப்பத்தொரு பேர் என்பதை மட்டும் சொன்னேன். இதனால் ஒருவருக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு நான்தான் காரணம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். என் ஒரு நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது.

தலைவர் முகத்தில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. விஸ்வநாதன் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது பேர் இருக்கும் அறையில் சர்க்கரை கலக்கும் சத்தம்கூட நின்றுபோனால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லாம் முடிந்தது, வீட்டுக்குப் போய்ச் சித்தியிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

வாசல் பக்கம் நாற்காலி நகர்ந்தது. ராசாமணி எழுந்திருந்தார். தன் மேசையிலிருந்த காலி நாற்காலி ஒன்றை வெளியே இழுத்துப் போட்டார்.

"அந்த மைக்கை வெச்சுப்போட்டு இங்க வந்து உக்காருங் அம்மிணி," என்றார். "என்ன வேலை வேணும்னு சொல்லுங்க."

போய் உட்கார்ந்தேன். அந்த அரங்கத்தில் எத்தனையோ தடவை ஆட்களை இடம் பார்த்து உட்காரவைத்திருப்பேன், நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். யாரோ ஒரு தட்டில் இரண்டு இட்லி வைத்துக் கொண்டுவந்தார்கள். ராசாமணி என் பக்கத்தில் உட்கார்ந்து, பெரிய கூட்டமா சின்னக் கூட்டமா, வெளியூர் போவேனா, எத்தனை ஆள் தேவைப்படும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தன் மச்சான் பம்ப் கண்காட்சிக் குழுவில் இருக்கிறார் என்றும், அரங்கம் அமைக்க நல்ல ஆள் தேடுகிறார்கள் என்றும் சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லலாம் என்றுதான் இரண்டு முறை காப்பி மேசைக்கு வந்தாராம். நான் ரொம்ப வேலையாக இருக்கிறேன் போலிருக்கிறது என்று நினைத்துத் திரும்பிவிட்டாராம். தன் பட்டறை சரிந்துகொண்டிருக்கும்போது எனக்காக அதை எடுத்துக்கொண்டு வந்து நின்ற மனிதரை நான் ஆறாம் மேசைக்கு அனுப்பியிருக்கிறேன். பிட்ட இட்லியைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

அப்போது விஸ்வநாதன் எழுந்தார்.

"என் ரெண்டு உலையில ஒண்ணு ஆறு வாரமா அணைஞ்சு கெடக்குதுங்க," என்றார். யாரையும் பார்க்காமல்தான் சொன்னார். "ஒரு உலைச் சரக்கை எல்லாருக்கும் குடுக்க முடியலீங்க. தொழில்ல யாரு நிலைச்சு நிப்பாங்கன்னு பாத்துக் குடுத்தேன். ராசாமணிக்கு அச்சு ஒடைஞ்சுதுன்னு பொய் சொன்னேன். தப்புத்தாங்க."

ராசாமணி எழுந்து நின்றார். தன் ஒரு நிமிடத்துக்கு நிற்பது போலச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எம் பேரு ராசாமணிங்க. கணபதியில லேத் வெச்சிருக்கேன். நாலு லேத்துல மூணு நிக்குதுங்க. கடையற வேலை எது இருந்தாலும் செய்வேன்."

அவ்வளவுதான் சொன்னார். வழக்கம்போல நாற்பது விநாடி மிச்சம் இருந்தது. ஆனால் அந்த நாற்பது விநாடியில் ஒவ்வொருவராக எழ ஆரம்பித்தார்கள். செங்கோட்டுவேலுவின் ஆறு லாரியில் இரண்டுக்குத்தான் சுமை இருந்தது. ஆடிட்டருக்குக் கண் பார்வை குறைந்துகொண்டு வருகிறது, தொழிலில் கூட்டுச் சேர ஆள் வேண்டும். ஒன்பதாவதாக எழுந்தவர் மன்றத் தலைவர். அவர் சொன்னதை நான் எழுதப் போவதில்லை, அவர் விருப்பம் அது.

கோகுல் ஓரத்தில் நின்று தன் கணினிப் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தான். கருவி பழுதாகிவிட்டதோ என்று பயந்துவிட்டான். திரையில் ஒருவருக்கும் அடுத்த வார இருக்கை வரவில்லை.

"பழுதில்லீங்க்கா," என்றான், என் காதருகே குனிந்து. "கேக்கறதுக்கு ஒண்ணுமில்லை. யாருக்கும் தூரமே இல்லை." மூன்று வருஷம் கண் விழித்துச் செய்த கருவி வாயடைத்துப்போனதைச் சொல்கிறான், முகத்தில் கொள்ளாத சிரிப்பு.

அதற்குப் பிறகு காதுகளை யாரும் மாட்டிக்கொள்ளவில்லை. ஆடிட்டர் கோகுலை ஈரோட்டில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். பேசத் தெரியாத குழந்தைகளுக்கு வலிக்கிறதா என்று அவர்கள் அழுகையை இப்போது அது அங்கே கேட்டுக்கொண்டிருக்கிறது. அதுதான் அதற்குச் சரியான இடம். பம்ப் கம்பெனி ஆர்டர் ராசாமணிக்கு வரவே இல்லை. ஆனால் விஸ்வநாதனும் அவரும் சேர்ந்து, ஊற்றிக் கடைந்த முழுப் பாகமாகவே சூலூரில் ஒரு மில் இயந்திரப் பட்டறைக்குக் கொடுக்கிறார்கள். மூன்று லேத் ஓடுகிறது. போன டர்னர்களில் ஒருவர் திரும்பி வந்துவிட்டார். கண்காட்சி வேலை எனக்குக் கிடைத்தது, சித்தியிடமும் சொல்லிவிட்டேன். கையேட்டை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசிய அந்த வியாழக்கிழமை நன்றி நேரம் வந்தபோது, அன்றைக்கு யாருக்கும் எந்த வேலையும் வந்திருக்கவில்லை. நியாயப்படி கூட்டத்தை முடித்திருக்க வேண்டும். ராசாமணி எழுந்து விஸ்வநாதன் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். எதற்கென்று சொல்லவில்லை. விஸ்வநாதன் எழுந்து செங்கோட்டுவேலுவின் பெயரைச் சொன்னார். பிறகு நிற்கவே இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு மேசை விரிக்க வந்த ஓட்டல்காரர்கள் கதவருகே காத்து நின்றார்கள். கடைசியில் நான் எழுந்து, நாற்பத்திரண்டு பேர் பெயரையும் சொல்லிவிடுவது என்று ஆரம்பித்தேன். ஏழு பெயர்தான் சொல்ல முடிந்தது, அதற்குள் அழுகை வந்து குரல் போய்விட்டது.

மீதி முப்பத்தைந்து பேருக்காகத்தான் இதை எழுதினேன். நன்றிங்க.